மூன்றில் ஒன்று போனாலும் ஓட வேண்டிய டர்பைன் ஏன் டிரிப் ஆனது?

இரவுஷிப்ட் | செவ்வாய் 23:48

வணக்கம். இரண்டு நாளாக மண்டையைக் குடைகிறது, தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள்.

ஒற்றை ஷாஃப்ட் கேஸ் டர்பைன், 3000 ஆர்பிஎம். கன்ட்ரோல் பேனல் பழையது. ஆர், எஸ், டி என்று மூன்று கன்ட்ரோலர், மூன்றில் இரண்டு ஒத்துச் சொல்வதுதான் முடிவு. மூன்றுக்கும் தனித்தனி பவர் சப்ளை. போன மாதம் எஸ் தானாக நின்றது. மூன்றும் ஒத்துப்போகவில்லை என்ற வோட்டிங் மிஸ்மேட்ச் அலாரம் மழையாகக் கொட்டியது, ஆனால் மெஷின் அசையவில்லை. கால் மணி நேரத்தில் எஸ் தானே ரீபூட் ஆகி வந்துவிட்டது. பத்து நாள் கழித்து மறுபடியும் அதே கதை. ஞாயிற்றுக்கிழமை மூன்றாவது தடவையாக நின்றது. இந்த முறை எழுந்திருக்கவே இல்லை.

மூன்றில் ஒன்றுதானே, மற்ற இரண்டும் பார்த்துக்கொள்ளும் என்று ஷிப்டில் பேசிக்கொண்டு எஸ்ஸின் பவரை ஒரு தடவை அணைத்துப் போடலாம் என்று அணைத்தோம். திரும்பப் போடக் கை போவதற்குள் பேஸ் லோடில், அதாவது முழுச் சுமையில், இருந்த மெஷின் தானாக நின்றுவிட்டது, டிரிப்.

முதலில் வந்த அலாரம் 'லாஸ் ஆஃப் ஃப்ளேம்', அதாவது உள்ளே சுடர் அணைந்துவிட்டது என்று. நேற்று முழுக்க ஃப்ளேம் டிடெக்டர்களைக் கழற்றித் துடைத்துச் சோதித்ததில் போயிற்று. எல்லாமே நன்றாக இருக்கின்றன. காரணம் தெரியாமல் ஸ்டார்ட் கொடுக்க மேலே சம்மதிக்கவில்லை, மெஷின் நின்றுகொண்டிருக்கிறது.

எஸ் இல்லாமல் இரண்டு தடவை ஓடிய மெஷின் மூன்றாவது தடவை ஏன் விழுந்தது?


லூப்செக் | புதன் 06:15

எஸ்ஸின் பிராசஸர் கார்டை மாற்றிவிடுங்கள். எங்களிடமும் இதே மாதிரி தானாக நின்று நின்று எழுந்தது, கார்டு மாற்றியதும் சரியாகிவிட்டது. ஸ்பேர் இருந்தால் அரை மணி நேர வேலை.


துருப்பிடித்த_ஸ்பானர் | புதன் 07:02

கார்டு மாற்றினால் எஸ் எழுந்திருக்கலாம். அவர் கேட்டது அதையா?

இங்கே இரண்டு கேள்வி இருக்கிறது. எஸ் ஏன் நிற்கிறது, மெஷின் ஏன் விழுந்தது. இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டிக் கார்டோடு தூக்கிப் போட்டால், அடுத்த தடவை டி நிற்கும்போது இதே இழைக்கு மறுபடி வருவீர்கள்.

மூன்றில் ஒன்று செத்தால் ஓடும், அதில் சந்தேகமில்லை. ஒன்று சாகும்போது மெஷினும் விழுந்தது என்றால், இன்னொன்று எங்கோ முன்பே செத்துக் கிடந்திருக்கிறது. யாரும் பார்க்கவில்லை, அவ்வளவுதான். அந்தப் பிணத்தைத் தேடுங்கள்.


மூன்றாம்குரல் | புதன் 09:30

ஸ்பானர் அண்ணன் சொல்வதுதான் சரியான தொடக்கம். தேடுவதற்குச் சில தகவல்கள் வேண்டும், இரவுஷிப்ட்.

டிரிப் நேரத்து லாகை மில்லி நொடிக் கணக்கில் எடுங்கள். அலாரம் திரையில் எது முதலில் வந்தது என்பது எனக்கு வேண்டாம். எஸ் பவர் போன கணத்திலிருந்து கேஸ் கன்ட்ரோல் வால்வின் பொசிஷன், அதற்குக் கேட்கப்பட்ட ரெஃபரன்ஸ், அந்த வால்வை நகர்த்தும் சர்வோ கரன்ட், மெகாவாட், டிரிப்பில் எரிபொருளை அடைக்கும் ஸ்டாப் வால்வின் லிமிட் சுவிட்ச், இவை எந்த வரிசையில் அசைந்தன என்று பார்க்க வேண்டும். ஃப்ளேம் போனது காரணமாக இருக்க வேண்டியதில்லை. எரிபொருள் நின்றால் யார் வீட்டு அடுப்பும் அணையத்தான் செய்யும்.

அடுத்தது, சனிக்கிழமை நிலவரப்படி ஆர், டி இரண்டிலும் நிலுவையில் இருந்த டயக்னாஸ்டிக் அலாரங்களின் பட்டியல். மெஷினைப் பற்றிய ப்ராசஸ் அலாரம் இல்லை, கன்ட்ரோலரும் சென்சாரும் கெட்டதைச் சொல்லும் டயக்னாஸ்டிக்.

மூன்றாவதாக ஒரு யோசனை. முதல் இரண்டு தடவை எஸ் 'தானாக நின்றது', மூன்றாவது தடவை நீங்கள் 'பவரை அணைத்தீர்கள்'. கேட்க ஒன்று போல இருக்கிறது, ஆனால் ஒன்றல்ல. பிராசஸர் தொங்கிப் போனாலும் அதே ரேக்கில் இருக்கும் மற்ற கார்டுகளுக்கு மின்சாரம் போய்க்கொண்டுதான் இருக்கும். பவரை அணைத்தால் அந்த ரேக் வெளியே அனுப்பிக்கொண்டிருந்த எல்லாமே நிற்கும். எஸ்ஸின் ரேக் எந்தெந்தக் கருவிக்கு மின்சாரம் கொடுக்கிறது என்று வயரிங் வரைபடத்தில் பாருங்கள்.


புதுவரவு | புதன் 10:11

சேர்ந்து எட்டு மாதம்தான் ஆகிறது, தவறாகக் கேட்டால் மன்னிக்கவும். மூன்று கன்ட்ரோலர் என்றால் ஒன்றைவிட மூன்று மடங்கு நம்பகம் இல்லையா? இரண்டு மீதி இருக்கும்போது பயம் ஏன்?


துருப்பிடித்த_ஸ்பானர் | புதன் 11:25

தம்பி, இதைக் கேட்காமல் இருபது வருடம் ஓட்டியவர்கள் இருக்கிறார்கள்.

மூன்றில் குறைந்தது இரண்டு ஒத்துப்போக வேண்டும், அதுதான் ஏற்பாடு. ஒரு கன்ட்ரோலர் குறிப்பிட்ட காலம் தாங்கும் வாய்ப்பை ந என்று வை. மூன்றில் இரண்டாவது தாங்கும் வாய்ப்பு 3ந² − 2ந³. ந 0.9 என்றால் 0.972 வரும், பிரமாதம். ந 0.5 என்றால் இதுவும் 0.5தான். 0.4க்கு இறங்கினால் 0.352, அதாவது ஒற்றைக் கன்ட்ரோலரைவிட மோசம். பழுதே பார்க்காமல் விட்டால் மூன்று கன்ட்ரோலர் அமைப்பின் சராசரி ஆயுள் ஒற்றைக் கன்ட்ரோலருடையதில் 5/6 பங்குதான். நான் இட்டுக்கட்டவில்லை, உட்கார்ந்து தொகையிட்டுப் பார்.

ஒன்று செத்த பிறகு மீதி இரண்டும் உயிரோடு இருந்தாக வேண்டும். 0.9 பெருக்கல் 0.9, 0.81. ஒரே ஒரு கன்ட்ரோலர் வைத்து ஓட்டினால்கூட 0.9 கிடைத்திருக்கும்.

மூன்றாவது கன்ட்ரோலர் உனக்கு வாங்கித் தருவது பழுது பார்க்கும் அவகாசம். அந்த அவகாசத்தில் நீ பழுது பார்க்காவிட்டால் மூன்று பேருக்குக் கரன்ட் செலவு மட்டும் மிச்சம். இவர்கள் எஸ் முதல் தடவை நின்றதிலிருந்து ஒரு மாதம் சும்மா இருந்திருக்கிறார்கள். அதைத்தான் நான் பிடித்துக்கொண்டு தொங்குகிறேன்.


இரவுஷிப்ட் | புதன் 20:40

திட்டு நியாயம்தான், வாங்கிக்கொள்கிறேன்.

லாக் எடுத்துவிட்டேன். எஸ் பவர் போனதும் அடுத்த ஸ்கேனிலேயே, 40 மில்லி நொடிக்குள், கன்ட்ரோல் வால்வ் பொசிஷன் 68 சதவீதத்திலிருந்து மைனஸ் 24 சதவீதத்துக்குப் போயிருக்கிறது. ரெஃபரன்ஸ் 68லேயே நிற்கிறது. ஆர், டி இரண்டின் சர்வோ கரன்ட்டும் திறக்கும் பக்கம் உச்சத்துக்குப் போய், சற்று நேரத்தில் பூஜ்யம். மெகாவாட் விழுவதற்கு முன்னால் ஒரு சின்ன மேடு தெரிகிறது. அதன் பிறகுதான் ஃப்ளேம் போகிறது, டிரிப் வருகிறது, கடைசியில் ஸ்டாப் வால்வ் மூடுகிறது.

டயக்னாஸ்டிக் பட்டியலில், சொல்லவே கூச்சமாக இருக்கிறது, 143 நிலுவை அலாரம். 'அது எப்போதும் அப்படித்தான் இருக்கும்' என்று பணியில் சேர்ந்த நாளில் சொல்லிக் கொடுத்தார்கள்.

எஸ்ஸின் ரேக்கிலிருந்து என்னென்ன போகிறது என்று இன்னும் முழுதாகப் பார்த்து முடிக்கவில்லை.


லூப்செக் | புதன் 21:05

டிரிப் ரிலேவாக இருக்கலாமே? டிரிப் சோலனாய்டுக்கு மூன்று ரிலே, மூன்றில் இரண்டு விழுந்தால் டிரிப். ஆர் ரிலேயின் கான்டாக்ட் முன்பே கெட்டிருந்து, எஸ்ஸை அணைத்ததும் இரண்டாவது ஓட்டு விழுந்திருக்கும். எனக்கு இதுதான் நேராகப் படுகிறது.


துருப்பிடித்த_ஸ்பானர் | புதன் 21:31

கேட்க வேண்டிய சந்தேகம்தான், இந்தத் தடவை உன் மேல் கோபமில்லை. ஆனால் ரிலே விழுந்திருந்தால் டிரிப் ஆயில் போய் ஸ்டாப் வால்வ் முதலில் மூடியிருக்கும், ஃப்ளேம் அதற்குப் பின்னால் அணைந்திருக்கும். இவர் லாகில் வரிசை தலைகீழ். ஃப்ளேம் போன பிறகுதான் ஸ்டாப் வால்வ் மூடியிருக்கிறது. ரிலேவை விடு.


மூன்றாம்குரல் | புதன் 22:10

'மைனஸ் 24' என்ற அந்த ஒரு எண் போதும்.

வால்வ் ஸ்டெம் மூடிய நிலைக்குக் கீழே இன்னும் கால்வாசித் தூரம் போக இடமே கிடையாது. 40 மில்லி நொடியில் 90 சதவீதத் தூரத்தை இந்த மாதிரி ஹைட்ராலிக் வால்வ் கடக்காது. எனவே வால்வ் அசையவில்லை, அளவு பொய் சொல்லியிருக்கிறது. வால்வ் 68லேயே திறந்திருந்தபோது ரெகுலேட்டர் அது மூடிவிட்டதாக நம்பித் திறக்கச் சொல்லியிருக்கிறது. உங்கள் மெகாவாட் மேடு அதுதான். அளவு எல்லைக்கு வெளியே நிற்பதைச் சிஸ்டம் சற்றுப் பொறுத்துப் பார்த்துவிட்டு சர்வோ கரன்ட்டையே துண்டித்துவிட்டது. மானுவலில் இதற்கு 'சர்வோ சூசைட்' என்று பெயர். கரன்ட் பூஜ்யமானால் ஃபெயில்-சேஃப் ஸ்பிரிங் வால்வை மூடும், எரிபொருள் நிற்கும், ஃப்ளேம் போகும். நீங்கள் துடைத்த டிடெக்டர்கள் உண்மையைத்தான் சொல்லியிருக்கின்றன.

இப்போது அந்த 24 எங்கிருந்து வந்தது? வால்வ் எவ்வளவு திறந்திருக்கிறது என்று அளக்கும் எல்விடிடி சென்சார் பொதுவாக இரண்டு இருக்கும். அதை இயக்கப் பேனலிலிருந்து 7 வோல்ட் ஏசி போகும், அதுதான் எக்சைடேஷன். வால்வ் மூடியிருந்தால் சுமார் 0.7 வோல்ட், முழுதாகத் திறந்தால் சுமார் 3.5 வோல்ட் திரும்பி வரும்படி வைத்திருப்பார்கள். அதாவது 2.8 வோல்ட்டுக்கு 100 சதவீதம். திரும்பி வருவது 0 வோல்ட் என்றால் கணக்கு மைனஸ் 25 காட்டும். உங்களுடையது மைனஸ் 24 என்றால் இரண்டு எல்விடிடியிலிருந்தும் ஏறக்குறைய எதுவுமே வரவில்லை.

இரண்டு எல்விடிடியின் அளவையும் மூன்று கன்ட்ரோலரும் படிக்கும். ஆனால் எக்சைடேஷன் ஒன்றுக்கு ஒரு கோரிலிருந்தும் (கன்ட்ரோலரும் அதன் ரேக்கும் சேர்ந்தது கோர்) மற்றதற்கு இன்னொரு கோரிலிருந்தும் போகும். வரைபடத்தில் ஒன்று ஆரிலிருந்தும் மற்றது எஸ்ஸிலிருந்தும் போகிறதா என்று பாருங்கள். அப்படி இருந்தால், எஸ் பிராசஸர் தொங்கிய இரண்டு தடவையும் எக்சைடேஷன் போய்க்கொண்டுதான் இருந்திருக்கும், மெஷின் ஓடியிருக்கும். மூன்றாவது தடவை நீங்களே அதை அணைத்தீர்கள்.

ஆர் ஊட்டும் எல்விடிடி அப்போது கைகொடுத்திருக்க வேண்டும். கொடுக்கவில்லை. மெஷின் நின்றுகொண்டிருப்பது நல்லதாகப் போயிற்று. வால்வ் மூடியிருக்கிறதல்லவா, எஸ்ஸுக்குப் பவர் கொடுத்துவிட்டு, இரண்டின் எக்சைடேஷனையும் திரும்பி வரும் வோல்டேஜையும் பேனல் டெர்மினலில் அளந்து போடுங்கள். மீட்டரை ஏசியில் வைக்க மறக்காதீர்கள். அதிர்வெண் 3 கிலோஹெர்ட்ஸ் பக்கம் இருக்கும், மலிவு மீட்டர் சரியாகப் படிக்காது.


இரவுஷிப்ட் | வியாழன் 14:20

ஐயா, வரைபடமும் நீங்கள் சொன்ன மாதிரியே, ஒன்று ஆர், ஒன்று எஸ்.

எஸ் ஊட்டுவது: எக்சைடேஷன் 7.0, திரும்பி வருவது 0.71. ஆர் ஊட்டுவது: எக்சைடேஷன் 7.0, திரும்பி வருவது 0.02.

கேபிளைத் தொடர்ந்து போனோம். டர்பைன் கம்பார்ட்மென்ட் பக்கத்து ஜங்ஷன் பாக்ஸில் அளவைத் திரும்பக் கொண்டுவரும் செகண்டரி வயர் ஒன்று முனையில் மாட்டிய லக்குக்குள்ளேயே அறுந்திருக்கிறது. இன்சுலேஷன் மட்டும் பிடித்துக்கொண்டிருந்தது, பார்வைக்கு முழுதாக இருந்தது. விரலால் இழுத்ததும் கையோடு வந்துவிட்டது. சூட்டில் வயர் கருத்து உடையும் பதத்தில் இருந்தது.

143 அலாரத்தையும் பிரிண்ட் எடுத்து ஒவ்வொன்றாகப் படித்தோம். 87வது வரி: எல்விடிடி எல்லைக்கு வெளியே. தேதி ஐந்து மாதத்துக்கு முந்தையது.


துருப்பிடித்த_ஸ்பானர் | வியாழன் 15:03

ஐந்து மாதம் ஒற்றை எல்விடிடியில் ஓடியிருக்கிறீர்கள். அதுவும் எஸ்ஸின் கையைப் பிடித்துக்கொண்டு.


புதுவரவு | வியாழன் 16:45

ஒன்று புரியவில்லை. ஒரு எல்விடிடி செத்து மைனஸ் 24 காட்டிக்கொண்டிருந்தால் பொசிஷன் அளவில் அது தெரிந்திருக்க வேண்டாமா? சராசரி எடுத்திருந்தால் அன்றே மாட்டியிருக்குமே?


மூன்றாம்குரல் | வியாழன் 18:20

சராசரி எடுப்பதில்லை, இரண்டில் பெரியதை எடுக்கிறார்கள்.

காரணம் இருக்கிறது. எல்விடிடி பெரும்பாலும் கீழ்நோக்கித்தான் கெடும். வயர் அறும், எக்சைடேஷன் போகும், எல்லாமே பூஜ்யத்துக்கு இழுக்கும். சராசரி எடுத்தால் ஒன்று அறுந்த கணமே அளவு பாதிக்கும் கீழே விழும், ரெகுலேட்டர் வால்வைத் திறந்து தள்ளும், எரிபொருள் எகிறும், எக்ஸாஸ்ட் சூடு ஏறும். பெரியதை எடுத்தால் அறுந்தது தானாக ஒதுங்கிவிடும். இதில் உங்களுக்கு விழும் செலவு, கெட்டது கெட்டதாகத் தெரியாமல் போவது. அதைச் சொல்லத்தான் டயக்னாஸ்டிக் அலாரம் இருக்கிறது. அதை 142 அலாரத்துக்கு நடுவில் வைத்திருந்தால் சொல்லாததற்குச் சமம்.

இதே தன்மை மற்ற இடங்களிலும் உண்டு. சர்வோ வால்வில் மூன்று காயில், கன்ட்ரோலருக்கு ஒன்று. வால்வை அப்படியே பிடித்து நிறுத்த மொத்தம் மைனஸ் 0.8 மில்லி ஆம்பியர் வேண்டும் என்றால் ஆளுக்கு 0.267. எஸ் போனால் ஆரும் டியும் ஆளுக்கு 0.4 கொடுக்கும், வால்வ் அசைந்ததே தெரியாது. எக்ஸாஸ்ட் சூட்டை அளக்கும் தெர்மோகப்பிள் 24 என்றால் கோருக்கு எட்டு, ஒன்றுவிட்டு ஒன்றுவிட்டு வரிசையாகப் பிரித்திருப்பார்கள். எஸ் போனால் வளையத்தில் மூன்றில் ஒரு பங்கு கண் குருடு, மற்ற பதினாறு சமாளிக்கும். நன்றாக மறைக்கத் தெரிந்த அமைப்பு இது. எஸ் வெளியே இருக்கும்போது ஓட்டுப் போட்ட பிறகு வரும் அளவைப் பார்க்காதீர்கள், ஓட்டுக்கு முன்னால் ஆரும் டியும் தனித்தனியாக என்ன சொல்கின்றன என்று பாருங்கள்.


லூப்செக் | வியாழன் 19:12

ஒப்புக்கொள்கிறேன், ரிலே இல்லை. எஸ் நிற்பதற்காவது என் பிராசஸர் கார்டை விட்டுவையுங்கள்.


துருப்பிடித்த_ஸ்பானர் | வியாழன் 19:40

அதற்கு முன் மீட்டர். முதலில் 125 வோல்ட் டிசி பஸ். பூமியோடு சேராத பஸ்ஸாக இருந்தால் ஒவ்வொரு பக்கமும் பூமிக்கு 62 சொச்சம் காட்ட வேண்டும். ஒரு பக்கம் பூஜ்யத்தை நோக்கியும் மறுபக்கம் 125ஐ நோக்கியும் போனால் எங்கோ கிரவுண்ட். பிறகு எஸ்ஸின் 5 வோல்ட், ரேக்கில் எல்லா கார்டும் இருக்கும்போது, அதாவது லோடோடு. கழற்றி மேசையில் வைத்து அளந்தால் எல்லாப் பவர் சப்ளையும் யோக்கியன்தான்.

நெட்வொர்க் கேபிளையும் ஒரு பார்வை பாருங்கள். ஒரு தடவை ஷட்டவுன் முடிந்ததும் டி கோர் ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை மயக்கம் போட்டது. மூன்று கார்டு, இரண்டு பவர் சப்ளை மாற்றினோம். தூசி தட்டியவர் எஸ்ஸின் கேபிளை டியின் சுவிட்சில் சொருகியிருந்தார். நிறம் ஒன்று, நீளம் ஒன்று, லேபிள் எண்ணெயில் அழிந்திருந்தது. அந்த மூன்று கார்டும் இன்னும் ஸ்டோரில் 'பழுது' சீட்டோடு இருக்கின்றன என்று நினைக்கிறேன், பாவம்.


இரவுஷிப்ட் | வெள்ளி 22:55

இன்றைய நிலவரம்.

பஸ் 62, 63, கிரவுண்ட் இல்லை. கேபிள்கள் சரி. எஸ்ஸின் 5 வோல்ட் லோடில் 4.7, அதுவும் ஆடுகிறது. ஆரிலும் டியிலும் 5.0. ரேக்கின் ஃபேன் ஃபில்டர் கம்பளி மாதிரி அடைத்திருந்தது. பவர் சப்ளையைத் திறந்தால் மூன்று கெப்பாசிட்டர் தலை உப்பியிருக்கிறது. ஸ்பேரைப் போட்டோம், 5.0 கல் மாதிரி நிற்கிறது. லூப்செக், உங்கள் பிராசஸர் கார்டு நிரபராதி.

எல்விடிடி வயருக்கு உயர்வெப்ப வயரும் புது லக்கும் போட்டு வால்வை ஆஃப்லைனில் கேலிபிரேட் செய்துவிட்டோம். மூடிய நிலையில் இரண்டும் 0.7.

ஆனால் எஸ் மேலே வந்ததும் இன்னொன்று: கன்ட்ரோல் கான்ஸ்டன்ட், அதாவது டியூனிங் மதிப்புகள், பொருந்தவில்லை என்று நான்கு அலாரம். முன்பு தானே ரீபூட் ஆனபோதும் வந்திருக்கிறது, பழைய பட்டியலில் இருக்கிறது.


மூன்றாம்குரல் | சனி 08:05

கடைசி ஓவர்ஹாலில் டியூனிங் செய்தவர் ஓடும் நினைவகத்தில் மாற்றிவிட்டு பவர் போனாலும் அழியாத ஃப்ளாஷில் சேமிக்காமல் போயிருப்பார். ஆரும் டியும் அதன் பிறகு பவர் இழக்கவில்லை, புது மதிப்போடு ஓடுகின்றன. எஸ் பழைய மதிப்போடு எழுந்திருக்கிறது. இரண்டு பேர் சொல்வது ஒன்றாக இருப்பதால் தெரியவில்லை. பெரிய டிரிப்போ பிளாக்அவுட்டோ வந்து மூன்றும் ரீபூட் ஆகியிருந்தால் மூன்றும் ஒற்றுமையாகப் பழைய மதிப்புக்குத் திரும்பியிருக்கும், ஓர் அலாரம்கூட வந்திருக்காது. அதுதான் பயங்கரம்.

எது சரி என்று ஓட்டுப் போடாதீர்கள். டியூனிங் அறிக்கையை எடுத்து நான்கு மதிப்பையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பிறகு மூன்றிலும் போட்டு, மூன்றின் ஃப்ளாஷிலும் சேமியுங்கள், ஸ்டார்ட்டுக்கு முன்பே.


இரவுஷிப்ட் | திங்கள் 05:30

ஆர், டியில் இருந்தவைதான் அறிக்கையோடு பொருந்தின. மூன்றிலும் சேமித்து, ஒவ்வொன்றாக ரீபூட் செய்து மறுபடி படித்துச் சரிபார்த்தோம்.

ஞாயிறு மாலை ஸ்டார்ட், இப்போது பேஸ் லோட். ஓட்டுக்கு முந்தைய ஸ்பீட் ஆர் 3000, எஸ் 3000, டி 2999. நிலுவை அலாரம் 143லிருந்து 61. அதில் பாதி, எப்போதோ கழற்றிவிட்ட ஒரு சென்சாரைப் பற்றி மூன்று கோரும் தனித்தனியே புலம்புவது. அதற்கான மாற்றத்தை எழுதிக் கொடுத்திருக்கிறேன். டியின் பவர் சப்ளைக்கும் எஸ்ஸின் வயதுதான். அடுத்த ஷட்டவுன் பட்டியலில் போட்டாயிற்று. ஆரினுடையதும்.


துருப்பிடித்த_ஸ்பானர் | திங்கள் 07:10

மற்ற வால்வின் எல்விடிடி லக்குகளையும் இழுத்துப் பார்த்தீர்களா?


இரவுஷிப்ட் | திங்கள் 07:32

பார்த்தோம். ஸ்டாப்-ரேஷியோ வால்வில் ஒன்று கையோடு வந்தது.